பதினெட்டு ஜே.டி.க்கு வந்த கல்யாணக் கூட்டம்

தாப்பு அந்த ஊருக்கு மருமகளாக வந்தபோது அங்கே மாமியார்கூட இல்லை. நாலு வீடு, சில எருமைகள், ஒரு குடிநீர்த் தொட்டி, மிச்சமெல்லாம் மணல். ஊருக்குப் பேரும் கிடையாது. பாலைவனத்தில் புதிதாகக் கால்வாய் வெட்டிய இலாகாக்காரர்கள் வரைபடத்தில் போட்ட எண்ணும் எழுத்தும்தான் ஊர்: பதினெட்டு ஜே.டி. "கடைக்குட்டியை எங்க குடுத்திருக்கே?" என்று யாராவது கேட்டால், "ஏதோ லாரி நம்பர் மாதிரி சொல்றாங்க, வாயில நிக்க மாட்டேங்குது" என்பாளாம் அவள் அம்மா.

தாப்பு என்றால் அவர்கள் பேச்சில் போதும் என்று பொருள். நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பேர். அந்தப் பேரோடு எதுவுமே போதாத ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தாள். அவள் புருஷன் ஹேத்ராம் ஒட்டகத்தில் பலகையைப் பூட்டி மணல்மேட்டைச் சமன்படுத்துவான். சாயங்காலம் பார்த்தால் வயல் மாதிரி இருக்கும். விடிந்து பார்த்தால் காற்று மறுபடியும் மேட்டைக் கொண்டுவந்து வைத்திருக்கும். "யாரோ சம்பளத்துக்கு வேலை பாக்கிற மாதிரி ராத்திரி பூரா அள்ளிப்போட்டிருக்கான்" என்று காற்றைத் திட்டிவிட்டு மறுபடி பலகையைப் பூட்டுவான். அப்படித்தான் கடுகும் கொண்டைக்கடலையும் ஒரு துண்டு கோதுமையும் வந்தன.

பக்கத்து வீடு குர்தித் சிங் வீடு. பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள். அவர் மனைவி நசீப் கவுர் தாப்புவைவிடப் பத்து வயது மூத்தவள். நல்ல உயரம், அதைவிட உயரமான குரல். மற்ற இரண்டு வீடுகள் நாகௌர் பக்கமிருந்து வந்த அண்ணன் தம்பியுடையவை. வந்த புதிதில் நசீப் கவுர்தான் தாப்புவுக்கு எல்லாம். தாப்புவை அவள் "தாப்போ" என்பாள்; தாப்பு அவளைச் "சர்தார்னி" என்பாள். பருத்திக் குச்சியில் அடுப்பெரிக்கவும், தண்ணீரை மூன்று மடிப்புத் துணியில் வடிகட்டவும் அவளிடம்தான் கற்றுக்கொண்டாள்.

அந்த உறவு ஒரு மார்கழிக் குளிரில் முறிந்தது. கால்வாய்த் தண்ணீர் ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று முறை வைத்து வரும். குர்தித் சிங்கின் முறையன்று விடிகாலையில் போய்ப் பார்த்தால் வரப்பு உடைந்து, தண்ணீரெல்லாம் ஹேத்ராமின் கடலைக் காட்டில் நின்றது. நசீப் கவுர் தாப்புவின் வாசலில் நின்று, இருந்த நாலு வீட்டைத் தாண்டி நாற்பது வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "கேட்டிருந்தா குடுத்திருப்பேன். திருட வேண்டாம்." தாப்புவும் சும்மா இருக்கவில்லை. அதோடு பேச்சு நின்றது.

நாலு வீடு இருக்கும் ஊரில் ஒரு வீட்டோடு பேச்சில்லை என்றால் ஊரில் கால்வாசி போய்விட்டது என்று அர்த்தம். தொட்டிக்கு ஒருத்தி போனால் மற்றவள் எருக்கஞ்செடிக்கு இந்தப் பக்கமே குடத்தோடு நிற்பாள். தனக்குக் குழந்தை இல்லாததற்குப் பரிதாபம் பேசவும், ஹேத்ராமின் கோபத்தைச் சொல்லிச் சிரிக்கவும் ஆளில்லாமல் தாப்பு எருமையோடு பேசப் பழகினாள்.

அறுவடை முடிந்து, கால்வாயைத் தூர்வார மூடிவிட்ட மாதம் அது. திறக்க எப்படியும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. தொட்டியில் தண்ணீர் கீழ்ப்படிக்கு இறங்கி, டீ நிறத்துக்கு வந்திருந்தது. வீட்டுக்கு இத்தனை குடம் என்று நாலு வீட்டு ஆண்களும் பேசி வைத்திருந்தார்கள். அட்சய திருதியை அன்று மத்தியானம், வெயிலில் உலகமே வெள்ளையாகக் கிடந்தபோது, தாப்புவின் காதில் பேண்டு வாத்தியம் கேட்டது.

வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஊருக்கு முன்னாலுள்ள மணலில் பஸ் ஒன்று பின்சக்கரம் புதைந்து நின்றது. கலர் கலராகத் தலைப்பாகை கட்டிய ஆண்கள் அதைத் தள்ளினார்கள். வாத்தியக்காரர்கள் இறங்கி ஒழுங்காக வரிசையில் நின்று வாசித்தார்கள். பூச்சரம் முகத்தை மறைக்க, இடுப்பில் வாளோடு ஒரு மாப்பிள்ளை சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தான். கூட்டம் அறுபது பேருக்குக் குறையாது.

ஹேத்ராம் ஓடிப்போனான். பெரிய மீசையும் அதற்கேற்ற வயிறுமாக முன்னால் வந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா ராம்ஜஸ்.

"ராம் ராம் சௌத்ரி. மனிராம் வீடு எது?"

"ராம் ராம். இங்க மனிராம்னு யாரும் இல்லீங்களே."

"இது பதினெட்டு ஜே.டி. தானே?"

"ஆமாங்க."

"அப்போ மனிராம் எங்க போனாரு? பொண்ணு கல்யாணத்தை வச்சுக்கிட்டு?"

ஹேத்ராம் கொஞ்சம் யோசித்தான். "பதினெட்டு ஜி.டி.ல ஒரு மனிராம் இருக்காரு. கால்வாய்க்கு அந்தப் பக்கம். இங்கேர்ந்து ரொம்ப தூரமாச்சே."

வாத்தியம் ஒவ்வொன்றாக நின்றது. ராம்ஜஸ் மெதுவாகத் திரும்பி, சந்தையில் வைத்து இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்த தன் மைத்துனனைப் பார்த்தார்.

"ஜேயா, ஜியா?"

"என் காதுல ஜேன்னுதான் விழுந்துது மச்சான். இங்கிலீஷ்ல எனக்கு அவ்வளவுதான் விழும்."

ராம்ஜஸ் அவனை அடித்திருப்பார். அதற்குள் யாரோ மேற்கே கையைக் காட்டினார்கள். வானத்தின் அடி மஞ்சளாகி, மஞ்சளுக்குக் கீழே ஒரு பழுப்புச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. புழுதிப்புயல். அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு அதைப் பார்த்ததும் மேற்கொண்டு பேச எதுவும் இருக்காது.

"பஸ்ஸை இப்போ எடுக்க முடியாது" என்றான் ஹேத்ராம். "எல்லாரும் உள்ள வந்துடுங்க."

"தொந்தரவு வேண்டாம் சௌத்ரி. சுவர் ஓரமா ஒதுங்கிக்கிறோம். ஆளுக்கு ஒரு வாய் தண்ணி மட்டும் குடுத்தா போதும்."

தாப்பு கதவுக்குப் பின்னால் முக்காட்டை மார்புவரை இழுத்துவிட்டு நின்றிருந்தாள். அந்நியப் பெரியவரோடு நேராகப் பேசக்கூடாது. அதனால் புருஷனிடம் பேசினாள், ராம்ஜஸின் காதில் விழும்படியாக.

"கேட்டீங்களா, அவங்ககிட்ட சொல்லுங்க. கல்யாணத்துக்குக் கிளம்பி வந்தவங்களை வெறும் தண்ணி குடுத்து அனுப்புற பழக்கம் எங்க வீட்டுல இல்லை."

"சாப்பிடச் சொல்றா" என்றான் ஹேத்ராம், தர்மசங்கடமாக.

ராம்ஜஸும் அவனைப் பார்த்தே சொன்னார்: "மகாலட்சுமிகிட்ட சொல்லு, நாங்க அறுபது பேரு இருக்கோம்."

"எண்ணிட்டேன்னு சொல்லுங்க."

ஹேத்ராம் உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினான். "உனக்குப் பித்துப் பிடிச்சிருக்கா? தொட்டியில என்ன கெடக்குன்னு தெரியுமா?"

"தினமும் படி இறங்கி மொள்றது நானா, நீங்களா?"

"அப்புறம்?"

"இந்த ஊருக்கு வந்து இத்தனை நாளாச்சு. என் வாசல்ல ஒரு மங்கல வாத்தியம் கேட்டிருக்கா? முதல் தடவையா வந்திருக்கு. வழி தவறி வந்தா என்ன? நான் அனுப்ப மாட்டேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். முக்காடு விலகியிருந்தது. அழுதுவிடுவாளோ என்று பயந்து, ஆட்களை உள்ளே அழைக்கப் போய்விட்டான்.

தாப்பு தானியக் குதிருக்குள் எட்டிப் பார்த்தாள். கோதுமை இருந்தது, மாவு கொஞ்சம்தான். நெய் இருந்தது. மோர் இருந்தது, கடலை மாவு கரைத்துக் கொதிக்கவிட்டால் குழம்பாகும். வன்னிக்காய் வற்றல் ஒரு பானை. ஆனால் கல்யாணக் கூட்டத்துக்கு இனிப்பு வைக்காமல் எப்படி? கோதுமையை உடைத்து நெய்யில் வறுத்து லாப்சி கிண்டலாம். வெல்லம் வேண்டும். ஊரில் வெல்லம் இருந்தது ஒரே வீட்டில்.

காற்று எழும்பிவிட்டது. முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு நடந்தாள். நசீப் கவுர் ஏற்கெனவே வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"உன் வாசல்ல பேண்டு வாசிக்கிறாங்க. ஹேத்ராம் ரெண்டாம் தாரம் கட்டுறானா?"

தாப்பு சிரிக்கக்கூடாது என்றுதான் வந்தாள். முடியவில்லை. "ஜி.டி.க்குப் போற கூட்டம் சர்தார்னி. வழி தப்பி இங்க வந்துட்டாங்க. எனக்கு வெல்லம் வேணும்."

"தண்ணி எடுத்தவளுக்கு வெல்லமும் வேணுமா?"

"வேணும். திட்டுறதை ரெண்டுக்கும் சேர்த்து அப்புறமா திட்டிக்கோ."

நசீப் கவுர் உள்ளே போனாள். திரும்பி வரும்போது தோளில் வெல்லச் சாக்கு, தலையில் கவிழ்த்த பெரிய அண்டா. "நாகௌர்க்காரிங்களைக் கூப்பிடு. அவங்க திருகையையும் உருட்டிக்கிட்டு வரச் சொல்லு. நிக்காதே, புயல் வந்துடுச்சு."

அந்த மத்தியானத்தை இன்றைக்கும் தாப்பு எந்த வரிசையில் வேண்டுமானாலும் சொல்லுவாள். வெளியே ஒன்றும் தெரியாத இருட்டு. கதவிடுக்கிலிருந்து மணல் கயிறு மாதிரி இறங்கியது. உள்ளே அடுப்புப் புகை. பெண்கள் மாறி மாறித் திருகை சுற்றினார்கள். மாவு அரைய அரைய ரொட்டி தட்டி, ரொட்டி வேக வேக ஹேத்ராமும் குர்தித் சிங்கும் கம்பளியால் மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வந்த ஆண்கள் நாலு வீட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் அடைந்து கிடந்தார்கள். கொட்டகையில் மாட்டிக்கொண்ட வாத்தியக்காரர்கள் பொழுது போகாமல் வாசிக்கப்போக, எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஒருவனுடைய மேளத்தின்மேல் ஏறி நின்றது.

மாவு பிசைந்துகொண்டே நசீப் கவுர் கேட்டாள்: "இப்போ சொல்லு. அன்னிக்கு வரப்பை வெட்டினது யாரு?"

"எலி."

"நாலு கால் எலியா, ரெண்டு கால் எலியா?"

தாப்பு ரொட்டியைப் புரட்டினாள். "சத்தியமா எனக்குத் தெரியாது. ரெண்டு காலா இருந்தா எங்க வீட்டுதாத்தான் இருக்கும். கேட்டா சொல்ல மாட்டாரு."

நசீப் கவுர் மாவை ஒரு குத்துக் குத்தினாள். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா எருமையோட பேசிக்கிட்டு இருந்திருக்க வேண்டாம்ல" என்றாள்.

மாப்பிள்ளையை உள்ளறைக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். மகாவீர் என்று பேர். இருபதுகூட இருக்காது. பூச்சரத்தை விலக்கிக் காதில் செருகிக்கொண்டு, வாளை மடியில் வைத்து, லாப்சி சாப்பிட்டான். தாப்பு தட்டை எடுக்க வந்தபோது மெல்லக் கேட்டான்:

"அங்க காத்துக்கிட்டு இருப்பா, இல்லீங்களா?"

கூட்டத்தில் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவன்தான். தாப்புவுக்கு அந்த நிமிஷத்தில் அவனைப் பிடித்துப்போயிற்று.

"இருப்பா. புயல் அங்கயும்தானே அடிக்குது. நீங்க ஓடிப்போயிட்டதா நெனைக்க மாட்டா."

"நெனைப்பாங்க" என்றான் அவன். "நானா இருந்தா நெனைப்பேன்."

பந்தி முடியும் நேரத்தில் நசீப் கவுருக்கு ஒரு குறை தோன்றியது. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடும்போது பெண்வீட்டுப் பெண்கள் கேலிப்பாட்டுப் பாடவேண்டும். இங்கே பெண்வீடு ஏது? "நாமதான் பெண்வீடு" என்று சொல்லிவிட்டு அவளே தொடங்கினாள். அவள் பஞ்சாபியில் ஒரு வரி, தாப்பு அவர்கள் பேச்சில் ஒரு வரி. ஜேயும் தெரியவில்லை, ஜியும் தெரியவில்லை, பெரியப்பா முகத்தில் மீசை மட்டும் மைல் தூரம் தெரியுது என்று பாட, சுவருக்கு அந்தப் பக்கம் ராம்ஜஸ் புரையேறிச் சிரிப்பது கேட்டது. பொண்ணைத் தேடிப் போன பஸ்ஸு மணலுக்கு வாக்கப்பட்டுப் போச்சு என்று நாகௌர்க்காரி ஒருத்தி சேர்த்தாள். அதுவரை அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

சாயங்காலம் புயல் அடங்கியது. அறுபது பேரும் சேர்ந்து பஸ்ஸைத் தோண்டி எடுத்தார்கள். வழியெல்லாம் மணல் மூடிவிட்டதால் ஹேத்ராம் ஒட்டகத்தில் முன்னால் போனான், பஸ் பின்னால் ஊர்ந்தது. கிளம்பும்போது ராம்ஜஸ் தாப்புவின் வாசல்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்த முறை ஹேத்ராமைப் பார்த்துப் பேசவில்லை.

"மகளே, இன்னிக்கு எங்களுக்கு நீதான் பெண்வீடு."

முக்காட்டுக்குள் தாப்பு தலையை மட்டும் அசைத்தாள்.

அவர்கள் போனபிறகு பெண்கள் தொட்டியைப் பார்க்கப் போனார்கள். பாதி மணல். மீதியில் சேறு. குடம் முக்கினால் பாதிக்குடம்கூட மொள்ள முடியாது.  தாப்பு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் எல்லாருக்கும் சேர்த்து முடிவு பண்ணிட்டேன்" என்றாள்.

"வெல்லத்தைத் தூக்கிக்கிட்டு வந்தது யாரு, பேயா?" என்றாள் நசீப் கவுர். "எந்திரி. சேத்தை மொண்டு வடிகட்டுவோம்."

சேற்றை மொண்டு இரவெல்லாம் தெளியவிட்டு, காலையில் மேல்நீரை மட்டும் துணியில் வடித்தார்கள். எருமைகளுக்கு முதலில். குளியல் இல்லை, துவையல் இல்லை. பாத்திரத்தை மணலில் தேய்த்தார்கள். ஹேத்ராமும் திரும்பவில்லை. குர்தித் சிங், ஒட்டகத்தை அனுப்பித் தண்ணீர் கொண்டுவரலாமென்றால் ஒட்டகமும் கல்யாணத்துக்குப் போயிருக்கிறதே என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதற்கடுத்த நாள் வெயில் ஏறும் நேரத்தில் பஸ் சத்தம் கேட்டது. பஸ்ஸின் பின்னால் ஒரு டிராக்டர். டிராக்டரின் டிரெய்லரில் தளும்பத் தளும்பத் தண்ணீரோடு இரும்பு டிரம்கள், எல்லாவற்றையும் ஈரச்சாக்கால் மூடியிருந்தார்கள். டிரம்களுக்கு நடுவில் ஹேத்ராம் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். பதினெட்டு ஜி.டி. என்பது கால்வாயின் தலைமாட்டில் இருக்கும் ஊர். அங்கே தொட்டி நிறைய இருந்தது. தன் சம்பந்திகள் எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தார்கள் என்று கேட்டதும் மனிராம் மறுபேச்சுப் பேசாமல் டிராக்டரைப் பூட்டச் சொல்லிவிட்டாராம்.

பஸ்ஸிலிருந்து புதுப்பெண் இறங்கினாள். சர்பதி என்று பேர். சிவப்பு முக்காடு, முழங்கைவரை வளையல். நேராகத் தாப்புவிடம் வந்து காலைத் தொட்டாள். முக்காட்டை விலக்கிப் பார்த்தால் கண்ணெல்லாம் சிரிப்பு.

"ஜீஜி" என்றாள், கூடப்பிறந்த அக்காவை அழைப்பதுபோல. "பையன் ஓடிப்போயிட்டான்னு எங்க ஊர்ல முடிவே பண்ணிட்டாங்க. அம்மா அழுது ஓஞ்சுட்டா. விடியறப்போ ஒட்டகத்துல ஒருத்தர் தலையிலேர்ந்து கால்வரைக்கும் மண்ணா வந்து நின்னாரு. அவர்தான் மாப்பிள்ளைன்னு நெனைச்சு எங்க சித்தி மயங்கி விழுந்துட்டா."

"பாக்க அவ்வளவு மோசமா இருந்தேனா?" என்றான் ஹேத்ராம் டிராக்டரிலிருந்து.

"கண்ணும் பல்லும்தான் தெரிஞ்சுது அத்தான்."

புதுப்பெண் முகத்தை முதல்முறை பார்ப்பவர்கள் கையில் ஏதாவது கொடுக்கவேண்டும். தாப்பு வீட்டுக்குள் ஓடினாள். கொடுக்கும்படியாக ஒன்றுமில்லை. அண்டாவின் அருகில் ஒரு கட்டி வெல்லம் மிச்சமிருந்தது. அதைக் கொண்டுவந்து அந்த மருதாணிக் கையில் வைத்து மூடினாள்.

"என் வெல்லம்" என்றாள் நசீப் கவுர். சொல்லிவிட்டுத் தன் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சர்பதி புருஷன் ஊருக்குப் போனாள். இரண்டு வருஷம் கழித்து மகாவீர் திரும்பி வந்தான், மாட்டுவண்டியில் ஒரு டீசல் என்ஜினோடும் அரவைக் கல்லோடும். "அன்னிக்கு நீங்க திருகை சுத்தினதைக் கட்டில்லேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றான் தாப்புவிடம். "சுத்துவட்டாரத்துல ஒரு மாவு மில்லு கிடையாது." ஹேத்ராம் வீட்டை அடுத்து ஒரு கொட்டகை போட்டார்கள். சர்பதி இடுப்பில் குழந்தையோடு வந்து சேர்ந்தாள்.

மில்லின் டக்டக் சத்தம் கேட்டு இருபத்தொன்றாம் நம்பர் ஊரிலிருந்தும் பதினாறாம் நம்பர் ஊரிலிருந்தும் தலையில் கோதுமையோடு பெண்கள் வந்தார்கள். அரைபடும்வரை உட்கார்ந்திருந்தவர்களுக்கு டீக்கடை வந்தது. டீக்கடைக்குப் பக்கத்தில் தையல்காரர், அவருக்குப் பக்கத்தில் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறவன். பிறகு பஞ்சாலை, தானிய மண்டி, ஒரு நாள் தார் ரோடு. மணல்மேடுகள் இருந்த இடத்தில் கின்னோ ஆரஞ்சுத் தோட்டங்கள் வந்தன. தைமாதம் ஊர் முழுக்க அந்த வாசனைதான். தாப்புவுக்கும் தாமதமாக ஒரு மகளும் மகனும் பிறந்தார்கள். ஹேத்ராம் காலமாகிச் சில வருஷங்களாகின்றன. வரப்பு விஷயத்தைக் கடைசிவரை சொல்லவில்லை.

நசீப் கவுரை அவள் பிள்ளைகள் கனடாவுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் காட்டுவாள்.

"இங்க குழாயைத் திறந்தா தண்ணி, தாப்போ. பக்கத்து வீட்டுக்காரி பாத்தா சிரிக்கிறா, அவ்வளவுதான். ஒரு வார்த்தை சண்டை போட முடியலை."

"என்கிட்ட போடு."

"உன்கிட்ட போன்ல போட்டா நல்லா இல்லை."

இப்போது ஜே.டி.யில் ஏசி வைத்த கல்யாண மண்டபமே இருக்கிறது. போனில் வழி பார்த்துக்கொண்டு கூட்டங்கள் சரியாக வந்து சேர்கின்றன. தாப்புவையும் சர்பதியையும் எல்லாரும் அழைப்பார்கள், முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். இருவரும் போவார்கள், பனீர் கறி சாப்பிடுவார்கள், யார் புடவை நன்றாக இருந்தது என்று பேசிக்கொண்டே வீடு திரும்புவார்கள். குறை ஒன்றும் சொல்வதில்லை. ஆனாலும் சில சமயம், மண்டபத்தில் ஐந்நூறு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும்போது, தாப்புவுக்கு அந்த நாலு வீட்டின் இருட்டும் மாவு வாசனையும் நினைவுக்கு வந்து, தட்டைக் கீழே வைத்துவிடுவாள். சர்பதி ஏன் என்று கேட்பதில்லை.

இந்தச் சித்திரையில் ஒரு மத்தியானம், மில் வாசலில் இருவரும் கழுவிய கோதுமையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மேற்கே மஞ்சள் கட்டியது.

"வருது ஜீஜி" என்றாள் சர்பதி.

பாயைச் சுருட்டிக் கோதுமையை உள்ளே இழுத்துப்போட்டார்கள். கதவைச் சாத்தியதும் தகரக் கூரையில் மணல் விழும் சத்தம் தொடங்கியது. சர்பதி மூட்டைமேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தாப்பு ஒரு பழைய சாக்கை மடித்துக் கதவிடுக்கில் அடைத்துவிட்டு, டீ போட அடுப்பைப் பற்றவைத்தாள்.